புகை அலாரத்துக்குக் கரன்ட் எங்கிருந்து வர வேண்டும்? பிரிட்டனின் சட்டங்கள் சொல்வது

லண்டனில் நான் முதன்முதலாக வாடகைக்கு எடுத்த வீட்டில், சமையலறைக்கு வெளியே நடைவழிக் கூரையில் வெள்ளையாக ஒரு வட்டப் பெட்டி இருந்தது. டிபன் தட்டு அளவுதான் இருக்கும். அதில் ஒரு சின்னப் பொத்தான், ஒரு மினுக்கும் விளக்கு. ஊரில் எந்த வீட்டுக் கூரையிலும் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோதுதான் அதன் குரலைக் கேட்டேன். சாம்பாருக்குத் தாளிக்க எண்ணெய் காய வைத்து, கடுகும் வரமிளகாயும் போட்டார். அடுத்த நொடி வீடே அதிர்ந்தது.

"டேய், முதல்ல அத நிறுத்துடா. பக்கத்து வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க?"

நாற்காலி போட்டு ஏறி, மூடியைத் திருகி, உள்ளே இருந்த 9 வோல்ட் பேட்டரியை உருவினேன். சத்தம் நின்றது. சாப்பிட்டதும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று பேட்டரியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன். இரண்டரை மாதம் கழித்து ஃப்ரிட்ஜைத் துடைக்கும்போது அது கையில் தட்டுப்பட்டது. அத்தனை இரவுகளும் நாங்கள் மூன்று பேர் அந்த ஊமை அலாரத்துக்குக் கீழே தூங்கியிருக்கிறோம்.

அன்றைக்கு எனக்கு உடம்பு நடுங்கியது. புகை அலாரத்துக்கு மின்சாரம் எப்படி வர வேண்டும் என்று சட்டங்கள் ஏன் இவ்வளவு நுணுக்கமாகப் பேசுகின்றன என்று தேடிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது. அந்த விதிகள் எல்லாம் நாற்காலியில் ஏறிய என் கையை நினைத்து எழுதப்பட்டவை.

பேட்டரிதான் அலாரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தது

புகையைக் கண்டறியும் கருவிகள் இருபதாம் நூற்றாண்டின் நடுவிலேயே வந்துவிட்டன. ஆனால் அவை தொழிற்சாலைகளுக்கும் பெரிய கட்டடங்களுக்கும் உரியவையாக இருந்தன. விலை அதிகம், வயரிங் தேவை, பராமரிக்க ஆள் தேவை. அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த டுவேன் பியர்சால் என்பவர் 1960களின் மத்தியில் தன் குழுவோடு பேட்டரியில் ஓடும் வீட்டு அலாரத்தை உருவாக்கினார். 1970களில் அது பெருமளவில் தயாராகிக் கடைகளுக்கு வந்தது. எலக்ட்ரீஷியன் வேண்டாம், இரண்டு திருகாணி போதும் என்று ஆன பிறகுதான் சாதாரணக் குடும்பங்கள் வாங்கத் தொடங்கின.

அது எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. தூங்கும் மனிதரைப் புகையின் வாசனை எழுப்பும் என்று நம்ப முடியாது. புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடு தூக்கத்தை இன்னும் ஆழமாக்கி அப்படியே கொன்றுவிடும். காது மட்டும்தான் மிச்சம். அதனால்தான் ஐரோப்பியத் தரநிலையான இஎன் 14604, மூன்று மீட்டர் தள்ளி நின்றாலும் 85 டெசிபல் சத்தம் கேட்க வேண்டும் என்கிறது.

ஆனால் அலாரத்தை எளிதாக்கிய அதே பேட்டரிதான் அதன் பலவீனமும் ஆனது. பேட்டரி தீரும். தீரும்போது நிமிடத்துக்கு ஒரு முறை 'கீச்' என்று கத்தும். பெரும்பாலும் அது நடுநிசியில்தான் தொடங்கும். அதற்கும் காரணம் உண்டு. இரவில் வீடு குளிரும்போது தளர்ந்துபோன பேட்டரியின் வோல்டேஜ் இன்னும் கொஞ்சம் இறங்கி, எச்சரிக்கைக் கோட்டைத் தொட்டுவிடுகிறது. தூக்கம் கலைந்தவர் எழுந்துபோய்ப் பேட்டரியைக் கழற்றி எறிகிறார். புதிய பேட்டரி வீட்டில் இருக்காது. அப்புறம் மறந்துவிடும். அல்லது டார்ச்சுக்கோ, பிள்ளையின் விளையாட்டுப் பொருளுக்கோ அதே பேட்டரி போய்விடும். கூரையில் அலாரம் இருக்கும், உள்ளே உயிர் இருக்காது. இங்கிலாந்தின் தீவிபத்துப் புள்ளிவிவரங்களில் மெயின்ஸ் கரன்டில், அதாவது வீட்டு வயரிங்கில் வரும் மின்சாரத்தில், ஓடும் அலாரங்களைவிடப் பேட்டரி அலாரங்கள் அதிகம் தவறுவதாகத்தான் தொடர்ந்து பதிவாகிறது.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் மெயின்ஸில் கொடுத்துவிட்டால் போதாதா? போதாது. வீட்டில் கரன்ட் போகும் நேரம்தான் மெழுகுவர்த்தி ஏற்றும் நேரம். மின்கசிவால் பிடிக்கும் தீ முதலில் தன் சர்க்யூட்டையே துண்டித்துவிடலாம். பிரிட்டனில் இன்னொரு சங்கடமும் உண்டு. பல ஏழை வீடுகளில் முன்பணம் கட்டும் மீட்டர்தான் இருக்கிறது. செல்போனுக்கு டாப்அப் செய்வதுபோல் பணம் போட்டால்தான் கரன்ட். மாதக் கடைசியில் பணம் தீர்ந்தால் வீடு இருட்டாகிவிடும். வெறும் மெயின்ஸ் அலாரம் என்றால் அந்த வீட்டில் அதுவும் சேர்ந்து இருட்டாகிவிடும்.

ஆகவே, மின்சாரம் பற்றிய விதி எதுவானாலும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கரன்ட் போனால் அலாரம் தாங்குமா? மனிதர் கை வைத்தால் தாங்குமா?

டி1, டி2, எஃப்1, எஃப்2

பிரிட்டனில் வீட்டுத் தீ அலாரங்களுக்கான தரநிலையின் பெயர் பிஎஸ் 5839, ஆறாம் பகுதி. எலக்ட்ரீஷியன்கள் வாயில் நாள் முழுக்கப் புழங்கும் எண் இது. அலாரத்துக்கு எப்படி மின்சாரம் வருகிறது என்பதை வைத்து அது அலாரங்களைத் தரம் பிரிக்கிறது. பெரிய கட்டடங்களுக்கான பேனலும் மணியும் கொண்ட ஏற்பாடு ஏ. பொதுவான ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியில் இணைந்தவை சி. இவை சாதாரண வீட்டில் அபூர்வம், விட்டுவிடலாம். நம் கூரையில் இருப்பது பெரும்பாலும் டி அல்லது எஃப்.

டி என்றால் மெயின்ஸ் கரன்டில் ஓடும், கூடவே உள்ளே ஒரு மாற்று பேட்டரி இருக்கும். எஃப் என்றால் பேட்டரி மட்டும்தான். நடுவில் இ என்று ஒன்று இருந்தது, மெயின்ஸ் மட்டும், பேட்டரித் துணை இல்லாதது. இப்போது அந்தத் தரத்தையே எடுத்துவிட்டார்கள். முன்பணம் மீட்டர் வீட்டை நினைத்துப் பார்த்தால், எடுத்தது எவ்வளவு சரி என்று புரியும்.

2019-இல் இந்தத் தரநிலையைத் திருத்தியபோது டி-யையும் எஃப்-ஐயும் மேலும் இரண்டாக உடைத்தார்கள். எனக்கு இந்த உடைப்புதான் முழு விஷயத்தின் மையம் என்று படுகிறது. எண் 1 வந்தால், பேட்டரியை வீட்டிலிருப்பவர் கழற்ற முடியாது, அலாரத்தின் ஆயுள் முழுக்க உள்ளேயே மூடி முத்திரையிட்டது. எண் 2 வந்தால், பேட்டரியை நாமே மாற்றலாம், அதாவது நாமே கழற்றலாம். என் பழைய வீட்டில் இருந்தது எஃப்2. நான்கிலும் கடைசி.

புதிதாகக் கட்டும் வாடகை வீட்டுக்கு டி1, சொந்த வீட்டுக்கு டி2 என்று பரிந்துரைப்பது அந்தத் தரநிலையின் பொதுவான போக்கு. சொந்தக்காரர் கவனமானவர், வாடகைக்காரர் கவனமில்லாதவர் என்று இதற்குப் பொருளில்லை. வாடகை வீட்டில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார். முன்னால் இருந்தவர் எப்போது பேட்டரி மாற்றினார், மாற்றினாரா, யாருக்கும் தெரியாது. பேட்டரி வாங்குவது வீட்டுக்காரர் வேலையா, குடியிருப்பவர் வேலையா என்ற இழுபறியில் அலாரம் செத்துப்போகும். அந்த இழுபறிக்கே இடம் வைக்காமல் இருப்பதுதான் டி1.

முத்திரையிட்ட பேட்டரி பத்து வருடம் எப்படித் தாங்கும் என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கத்தாமல் சும்மா காவல் இருக்கும்போது அலாரம் இழுக்கும் மின்சாரம் மிக மிகச் சொற்பம். 10 மைக்ரோஆம்ப் என்று வைத்துக்கொள்வோம். பத்து வருடத்துக்கு 87,600 மணி நேரம். பெருக்கினால் 876 மில்லிஆம்ப்-மணி. நம் செல்போன் பேட்டரியில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. சாதாரண 9 வோல்ட் அல்கலைன் பேட்டரியில் இருப்பது 500 சொச்சம்தான். அதுவும் வருடக்கணக்கில் சும்மா கிடந்தாலே கொஞ்சம் கொஞ்சமாக வற்றும். லித்தியம் பேட்டரி அப்படி வற்றுவது மிகக் குறைவு, சின்ன உடலில் அதிகம் தாங்கும். மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதிப்பதற்கும் சேர்த்துப் பத்து வருடம் ஓட்டலாம் என்பது மந்திரமல்ல, கணக்குதான்.

வயர் எங்கிருந்து வர வேண்டும்

மெயின்ஸ் என்றால் வீட்டில் எந்த வயரிலிருந்து வேண்டுமானாலும் இழுக்கலாம் என்பதல்ல. பிளக் பாயின்டில் செருகும் அலாரம் கணக்கில் சேராது. வேக்யூம் கிளீனருக்காக யாராவது பிடுங்கிவிடுவார்கள்.

இரண்டு வழிகளை விதி ஏற்கிறது. ஒன்று, ஃபியூஸ் பாக்ஸிலிருந்து அலாரத்துக்கென்றே தனி சர்க்யூட், அதில் வேறு எதையும் இணைக்கக் கூடாது. மற்றது, தினமும் புழங்கும் ஒரு விளக்கு சர்க்யூட்டிலிருந்து எடுப்பது. தனி சர்க்யூட்தான் மேலானது என்று முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் யோசித்துப் பாருங்கள். தனி சர்க்யூட் டிரிப் ஆனால் வீட்டில் எல்லாம் வழக்கம்போல் ஓடும், டிவி ஓடும், விளக்கு எரியும். அலாரம் மட்டும் கரன்ட் இழந்து, மாற்று பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும். விளக்கு சர்க்யூட் டிரிப் ஆனாலோ, இரவு குளியலறைக்குப் போகிறவர் சுவிட்சைத் தட்டியதும் தெரிந்துவிடும். விளக்கு இல்லாமல் யாரும் ஒரு நாள்கூடச் சமாளிக்க மாட்டார்கள், சரிசெய்துவிடுவார்கள். விளக்கைச் சரிசெய்யும்போது அலாரமும் தானாகச் சரியாகிவிடும். மனிதர்களின் பழக்கத்தை அறிந்தவர் யாரோ எழுதிய விதி இது.

விளக்கு சர்க்யூட்டிலிருந்து எடுத்தால், விளக்கை அணைக்காமல் அலாரத்தை மட்டும் துண்டிக்க ஒரு வழி வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. அது பராமரிப்பு வேலைக்காக. மற்றபடி, அறைச் சுவரில் இருக்கும் விளக்கு சுவிட்சைத் தட்டினால் அலாரமும் அணையும்படி வயர் போட்டிருந்தால் அது தவறு.

மெயின்ஸ் போன பிறகு மாற்று பேட்டரி எவ்வளவு நேரம் தாங்க வேண்டும்? 72 மணி நேரம், அதாவது மூன்று நாள். வெள்ளிக்கிழமை இரவு கரன்ட் போய், வார இறுதி முழுக்க யாரும் வராமல், திங்கட்கிழமைதான் ஆள் வந்து சரிசெய்கிறார் என்றாலும் இடையில் அலாரம் சாகாது. அந்த மூன்று நாள் கழிந்த பிறகும் தீ பிடித்தால் நான்கு நிமிடம் கத்துவதற்கான தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். நான்கு நிமிடம் கொஞ்சமாகத் தோன்றலாம். பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு படி இறங்கி வெளியே ஓட அந்த நான்கு நிமிடம்தான் உயிர்.

சட்டம் வேறு, வழிகாட்டி வேறு, தரநிலை வேறு

இதுவரை சொன்னதெல்லாம் சட்டமா என்று கேட்டால், நேரடியாக இல்லை. புதிதாகப் படிப்பவர்கள் குழம்புவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

இங்கிலாந்தின் கட்டட விதிகளில் பி1 என்ற பிரிவு, தீயை முன்கூட்டியே எச்சரிக்கப் பொருத்தமான ஏற்பாடு இருக்க வேண்டும் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. அதுதான் சட்டம். பொருத்தம் என்றால் என்ன என்பதை அரசு வெளியிடும் வழிகாட்டி ஆவணம் விளக்குகிறது. அது பி ஆவணம் எனப்படும். அலாரம் மெயின்ஸில் ஓட வேண்டும், மாற்று மின்சாரமும் வேண்டும் என்று சொல்வது இந்த ஆவணம். இன்னும் ஆழமாக, எத்தனை மணி நேரம், எந்த சர்க்யூட் என்று போனால் தரநிலை வருகிறது. தரநிலை தானாக யாரையும் கட்டுப்படுத்தாது. சட்டமோ வழிகாட்டியோ கை காட்டும்போதுதான் அதற்கு அதிகாரம் வருகிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிதாகக் கட்டும் வீடுகளில் மெயின்ஸ் அலாரம் வேண்டும் என்பது 1992 ஜூன் முதலே இருக்கிறது. மாற்று பேட்டரி எல்லா வீட்டுக்கும் கட்டாயமானது பின்னாளில். ஆக, உங்கள் வீடு 1992-க்குப் பிறகு கட்டியது என்றால் கூரையில் வயர் இருக்க வாய்ப்பு அதிகம். விக்டோரியா காலத்துச் செங்கல் வரிசை வீடு என்றால், நம்மவர்கள் நிறையப் பேர் லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் இருப்பது அப்படிப்பட்ட வீடுகளில்தான், நீங்களோ முன்பிருந்தவரோ போட்டால்தான் உண்டு.

ஒரே நாடு, நான்கு பதில்கள்

கட்டி முடித்த பழைய வீடுகளுக்கு என்ன விதி? இங்கேதான் பிரிட்டன் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என்று நான்காகப் பிரிகிறது.

இங்கிலாந்தில் 2015 அக்டோபர் 1 முதல், தனியார் வாடகை வீடுகளில் ஆள் புழங்கும் ஒவ்வொரு மாடியிலும் குறைந்தது ஒரு புகை அலாரம் இருக்க வேண்டும். 2022 அக்டோபர் 1 முதல் உள்ளாட்சி வாடகைக்கு விடும் கவுன்சில் வீடுகள், வீட்டுவசதிச் சங்கங்களின் வீடுகள் ஆகியவற்றுக்கும் இது பொருந்துகிறது. வாடகை தொடங்கும் அன்று அலாரம் வேலை செய்கிறதா என்று வீட்டுக்காரர் சோதித்தாக வேண்டும். பிறகு பழுது என்று குடியிருப்பவர் சொன்னால் சரிசெய்தோ மாற்றியோ கொடுக்க வேண்டும். உள்ளாட்சி சொல்லியும் செய்யாவிட்டால் 5,000 பவுண்டு வரை அபராதம். ஆனால் மின்சாரம் எங்கிருந்து வர வேண்டும் என்ற கேள்விக்கு இந்தச் சட்டம் வாய் திறப்பதில்லை. பேட்டரியானாலும் சரி, மெயின்ஸானாலும் சரி. பேட்டரி என்றால் முத்திரையிட்டதே நல்லது என்று அரசின் வழிகாட்டிக் குறிப்பு ஆலோசனை சொல்கிறது, அவ்வளவுதான். கழற்றும் பேட்டரி போட்ட மலிவான அலாரத்தை மாட்டிவிட்டு வீட்டுக்காரர் சட்டப்படி தப்பித்துவிடலாம். சொந்தமாகக் குடியிருக்கும் பழைய வீட்டுக்கு அதுவும் கட்டாயமில்லை. இது போதாது என்பதுதான் என் கருத்து. என் பேட்டரி இரண்டரை மாதம் ஃப்ரிட்ஜ் மேல் கிடந்த வீடும் வாடகை தொடங்கிய அன்று சோதனையில் தேறியிருக்கும்.

ஸ்காட்லாந்து வேறு மாதிரி யோசித்தது. 2017 ஜூன் 14 அன்று லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடியில் 72 பேர் தீயில் மாண்டார்கள். அதற்குப் பிறகு ஸ்காட்லாந்து அரசு தன் வீடுகளின் தீப் பாதுகாப்பை முழுசாக மறுபடி பார்த்தது. 2021-இல் வரவேண்டிய விதி கொரோனாவால் ஒரு வருடம் தள்ளி, 2022 பிப்ரவரி 1 அன்று நடப்புக்கு வந்தது. வாடகை, சொந்தம் என்ற வேறுபாடே இல்லை, எல்லா வீடும். அதிகம் புழங்கும் அறையில் ஒரு புகை அலாரம், ஒவ்வொரு மாடியின் நடைவழியிலும் ஒன்று, சமையலறையில் ஒரு வெப்ப அலாரம். எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும், ஒன்று கத்தினால் எல்லாம் கத்த வேண்டும். மின்சாரத்துக்கு இரண்டே வழி: மெயின்ஸ், அல்லது கை வைக்க முடியாத, நீண்ட நாள் ஓடும் முத்திரையிட்ட பேட்டரி. எஃப்2-வுக்கு அங்கே இடமே இல்லை.

மெயின்ஸ்தானே சிறந்தது, ஏன் பேட்டரியையும் ஏற்றார்கள்? சுவரையும் கூரையையும் கீறி வயர் இழுக்க எலக்ட்ரீஷியன் வேண்டும், பெயின்ட் மறுபடி அடிக்க வேண்டும், செலவு பல மடங்கு. எல்லாக் குடும்பத்தையும் அதற்குக் கட்டாயப்படுத்தினால் பலர் செய்யவே மாட்டார்கள். ரேடியோ அலையில் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முத்திரையிட்ட அலாரங்களை ஏணியும் ஸ்க்ரூடிரைவரும் இருந்தால் ஒரு மத்தியானத்தில் மாட்டிவிடலாம். கரன்ட் போனாலும் தாங்கும், கை வைத்தாலும் தாங்கும். இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்துவிடுகிறது.

அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது சமையலறையில் வெப்ப அலாரம் என்ற வரி. மேலோட்டமாகப் பார்த்தால் அதற்கும் மின்சாரத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் மக்கள் பேட்டரியைக் கழற்றுவதே சமையல் புகையால்தான். வெப்ப அலாரம் புகையைக் கண்டுகொள்ளாது, அதைச் சுற்றியுள்ள காற்று 58 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடானால்தான் கத்தும். கருவாடு வறுக்கலாம், மிளகாய் வறுக்கலாம், கடுகு பொரிக்கலாம், அது வாயைத் திறக்காது. அடுப்பில் மறந்த எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் திறக்கும். கழற்ற முடியாதபடி பேட்டரியைப் பூட்டினார்கள், கூடவே கழற்றத் தோன்றும் காரணத்தையும் நீக்கினார்கள்.

வேல்ஸ் வாடகை வீடுகளில் இன்னும் கறார். 2022 டிசம்பர் 1 முதல் தொடங்கிய ஒப்பந்தங்களில், ஒவ்வொரு மாடியிலும் உள்ள புகை அலாரம் வீட்டின் மின் இணைப்போடு நேரடியாக இணைந்திருக்க வேண்டும், ஒன்றோடொன்றும் இணைந்திருக்க வேண்டும். பழைய ஒப்பந்தங்களுக்கு 2023 டிசம்பர் 1 வரை அவகாசம் கொடுத்தார்கள். பத்து வருட முத்திரை பேட்டரி என்றாலும் வயர் இல்லாமல் செல்லாது. இல்லாவிட்டால் அந்த வீடு மனிதர் வசிக்கத் தகுதியற்றது என்றே சட்டம் கருதும். வட அயர்லாந்து தனியார் வாடகை வீடுகளுக்கு 2024-இல் விதி கொண்டுவந்தது. செப்டம்பர் முதல் புது வாடகைகள், டிசம்பர் முதல் எல்லா வாடகைகளும். மின்சார விஷயத்தில் அது ஸ்காட்லாந்தின் பாதையில் போகிறது.

இங்கிலாந்தின் லெஸ்டரில் ஒரு வாடகை வீடும் வேல்ஸின் கார்டிஃபில் ஒரு வாடகை வீடும் வைத்திருக்கிற ஒருவர், ஒரே கடையில் ஒரே பேட்டரி அலாரத்தை வாங்கி இரண்டிலும் மாட்டினால், ஒன்றில் சட்டப்படி சரி, மற்றதில் சட்டப்படி அந்த வீடு வாழத் தகுதியற்றது. வீடு எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்காமல் யாருக்கும் இதில் ஆலோசனை சொல்ல முடியாது.

வெளிநாடுகளிலும் காற்று ஒரே பக்கம்தான் வீசுகிறது. அமெரிக்காவின் பல மாநிலங்கள் பின்பற்றும் வீட்டுக் கட்டட நெறிமுறையில், புது வீட்டு அலாரம் கட்டடத்தின் வயரிங்கிலிருந்து மின்சாரம் பெற வேண்டும், அது போனால் பேட்டரி, நடுவில் அணைக்கும் சுவிட்ச் எதுவும் இருக்கக் கூடாது. பேட்டரியில் மட்டும் ஓடுபவை பத்து வருட முத்திரையிட்டவையாக இருந்தால்தான் அனுமதி என்று கலிபோர்னியா 2014 ஜூலையில் தொடங்கியது. நியூயார்க் மாநிலம் 2019 ஏப்ரல் முதல் கழற்றும் பேட்டரி அலாரங்களின் விற்பனையையே நிறுத்தியது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2011-இல் ஒரே வீட்டில் 11 பேர் தீயில் இறந்த பிறகு சட்டம் மாறியது. வாடகை வீடுகளுக்கு 2022 தொடக்கம், மற்ற எல்லா வீட்டுக்கும் 2027 தொடக்கம் என்று நாள் குறித்தார்கள். அங்கேயும் மெயின்ஸ் அல்லது கழற்ற முடியாத பத்து வருடப் பேட்டரி. ஏற்கெனவே மெயின்ஸில் இருந்த அலாரத்தை எடுத்துவிட்டுப் பேட்டரி அலாரம் போடக் கூடாது என்ற விதியும் உண்டு. பிரிட்டனில் இருப்பவர்களும் இதைப் பின்பற்றினால் நல்லது. கூரையில் வயர் இருந்தால் அதே இடத்தில் மெயின்ஸ் அலாரம்தான் மறுபடி வர வேண்டும்.

நாற்காலி போட்டு ஏறிப் பாருங்கள்

இப்போது உங்கள் வீட்டு அலாரம் எந்த வகை என்று பார்த்துவிடலாம். பச்சை விளக்கு விடாமல் எரிகிறதா? மெயின்ஸ் வந்துகொண்டிருக்கிறது, டி வகை. பச்சை இல்லாமல் நிமிடத்துக்கு ஒரு முறை சிவப்பு மட்டும் மினுக்குகிறதா? பேட்டரி வகையாக இருக்கலாம், அல்லது மெயின்ஸ் அலாரத்துக்குக் கரன்ட் வராமல் இருக்கலாம். உடலைத் திருகிக் கழற்றினால் தெரிந்துவிடும். கூரையிலிருந்து வயர் வந்து ஒரு பிளக்கில் முடிந்தால் மெயின்ஸ், உள்ளே 230 வோல்ட் இருக்கிறது, ஃபியூஸ் பாக்ஸில் அணைக்காமல் அதைத் தொட வேண்டாம். வயர் இல்லாமல் பின்புறம் பேட்டரிக்கு ஒரு கதவு இருந்தால் எஃப்2. கதவே இல்லாமல் மூடியிருந்தால் எஃப்1.

மூடியிருக்கும் அலாரங்கள் பலவற்றின் பின்புறம் ஒரு சின்னத் துளை இருக்கும். ஸ்க்ரூடிரைவரை விட்டு நகர்த்தினால் அலாரம் நிரந்தரமாகச் செத்துவிடும், மறுபடி உயிர் வராது. பத்து வருடம் முடிந்து, குப்பை மறுசுழற்சி மையத்தில் போடும் நாளுக்கானது அது. சமையல் புகையில் கத்தும்போது அதைத் தேடாதீர்கள். முன்பக்கப் பொத்தானை ஒரு முறை அழுத்தினால் பல அலாரங்கள் சுமார் பத்து நிமிடம் அமைதியாகிவிட்டுத் தாமாகவே காவலுக்குத் திரும்பும். அம்மாவுக்கு நான் அன்று காட்டியிருக்க வேண்டியது அந்தப் பொத்தானை.

கழற்றியது கழற்றினீர்கள், ஓரத்தில் அச்சடித்திருக்கும் தேதியையும் பாருங்கள். மாற்ற வேண்டிய வருடம் போட்டிருக்கும். மெயின்ஸ் அலாரம் என்றால் என்றைக்கும் ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். கரன்ட் தீராதுதான், ஆனால் உள்ளே புகையை உணரும் அறை தூசியடைந்து மழுங்கிவிடும். அதற்கும் ஆயுள் பத்து வருடம்தான். பச்சை விளக்கு அழகாக எரிந்துகொண்டிருக்கும், பொத்தானை அழுத்தினால் கத்தவும் செய்யும், புகை வந்தால் மட்டும் உணராமல் போகலாம். என் இப்போதைய வீட்டில் மாடி நடைவழி அலாரத்தில் அச்சடித்திருந்த வருடம் 2021. பார்த்த அன்றே வீட்டுக்காரருக்கு எழுதினேன், அடுத்த வாரம் எலக்ட்ரீஷியன் வந்து டி1 ஒன்றை மாட்டிவிட்டுப் போனார்.